படம் சிவந்து போவது ஏன்? வீட்டு அச்சும் லேப் அச்சும்

மாணவர்களே, இந்த வார இறுதியில் பாட்டி வீட்டு அலமாரியில் இருக்கும் பழைய ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். 1950களில் ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் இருந்தால், அது அநேகமாக இன்னும் தெளிவாகவே இருக்கும். அடுத்து, 1970களில் எடுத்த வண்ணத் திருமணப் படத்தைத் தேடுங்கள். பச்சைப் பட்டுச்சேலை பழுப்பாகியிருக்கும். முகங்கள் செம்மண் நிறத்தில் தெரியும். படம் முழுவதும் சிவப்புத் துணியால் மூடியது போல் இருக்கும். இருபது வயது மூத்த படம் நன்றாக இருக்க, இளைய படம் கெட்டுப்போனது ஏன்?

இந்தக் கேள்விக்கும் உங்களுக்கும் தொடர்பு உண்டு. உங்களில் சிலர் நல்ல கேமராவோ கைப்பேசியோ வைத்துக்கொண்டு உறவினர் வீட்டு விழாக்களில் படம் எடுக்கிறீர்கள். ஒரு நாள் கிள்ளானில் இருக்கும் அத்தை, “பாப்பாவின் பிறந்தநாளுக்கு நீயே படம் எடுத்து ஆல்பமாகக் கொடு, பணம் தருகிறேன்” என்று சொல்லலாம். படங்களை வீட்டில் இருக்கும் அச்சு இயந்திரத்தில் போடுவதா, பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ உள்ள போட்டோ கடையில் கொடுப்பதா? இரண்டும் கையில் வாங்கும்போது ஒரே மாதிரி பளபளப்பாகத்தான் இருக்கும். ஆனால் அவை உருவான விதம் வேறு, அவை கெட்டுப்போகும் விதமும் வேறு. காசு வாங்கிக்கொண்டு படம் கொடுப்பவர் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். பணம் கொடுப்பவர் அந்தப் படம் பாப்பா பெரியவளாகும் வரை இருக்கும் என்றுதான் நினைப்பார்.

‘கழுவுதல்’ என்றால் என்ன?

“கடையில் படம் கழுவக் கொடுத்திருக்கிறேன்” என்று அப்பா சொல்லக் கேட்டிருப்பீர்கள். மலாயிலும் ‘சூச்சி கம்பார்’ என்றுதான் சொல்கிறோம். இது வெறும் பேச்சு வழக்கு அல்ல. பழைய முறை லேப்பில் படம் உண்மையாகவே திரவங்களில் முங்கிக் கழுவப்பட்டுத்தான் வெளியே வருகிறது.

அந்தத் தாளின் மேல் ஜெலட்டின் பூச்சு உண்டு. ஜெலட்டின் என்பது விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படும் புரதம். அதற்குள் வெள்ளி குளோரைடின் நுண்ணிய படிகங்கள் பதிந்திருக்கும். இப்படி மூன்று அடுக்குகள். ஒன்று சிவப்பு ஒளிக்கும், ஒன்று பச்சை ஒளிக்கும், ஒன்று நீல ஒளிக்கும் ஏற்ப மாற்றம் அடையும். கணினியில் உள்ள உங்கள் படத்தை லேசர் ஒளி இந்தத் தாளில் வரிவரியாக எழுதுகிறது. ஃபியூஜிஃபிலிம் நிறுவனத்தின் ஃபிரண்டியர் என்ற லேசர் இயந்திரம் 1996இல் வந்தது. அதன் பிறகு சாதாரணப் போட்டோ கடையிலேயே இந்த வேலை நடக்கத் தொடங்கியது.

ஒளி பட்டவுடன் கண்ணுக்கு எதுவும் தெரியாது. தாள் சுமார் 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்கும் உருத்துலக்கித் திரவத்தில் ஏறத்தாழ முக்கால் நிமிடம் செல்கிறது. ஒளி பட்ட படிகங்கள் அங்கே வெள்ளி உலோகமாக மாறுகின்றன. அந்த வினையில் மாற்றம் அடைந்த உருத்துலக்கி மூலக்கூறுகள், அடுக்கில் ஏற்கனவே காத்திருக்கும் வேறொரு வேதிப்பொருளுடன் சேர்ந்து சாயமாகின்றன. ஓர் அடுக்கில் பச்சை கலந்த நீலமான சயான், இன்னொன்றில் இளஞ்சிவப்பு போன்ற மெஜந்தா, மூன்றாவதில் மஞ்சள். அடுத்த தொட்டியில் வெள்ளி முழுவதும் கரைத்து எடுக்கப்படுகிறது. பிறகு கழுவி உலர்த்துகிறார்கள். கடைசியில் தாளில் மிஞ்சுவது சாயம் மட்டுமே.

இப்போது ஆல்பத்துப் புதிரில் பாதி விடுபட்டது. தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பாகத் தெரிவது வெள்ளி உலோகத் துகள். அது எளிதில் அழியாது. வண்ணப் படத்தில் இருப்பதோ கரிமச் சாயம். சாய மூலக்கூறில் ஒற்றைப் பிணைப்புகளும் இரட்டைப் பிணைப்புகளும் சங்கிலி போல மாறி மாறி இருக்கும். நிறம் அந்தச் சங்கிலியில்தான் இருக்கிறது. வெப்பமோ ஈரமோ ஒளியோ அதை ஓரிடத்தில் அறுத்தால் நிறம் போய்விடும்.

மறுபாதிப் புதிரும் எளிது. 1970களின் வண்ணத் தாள்களில் சயான் சாயம்தான் பலவீனமானது. ஆல்பத்தை மூடி இருட்டில் வைத்திருந்தாலும் அது மெல்ல அழிந்தது. சயான் போனால் மிஞ்சுவது மெஜந்தாவும் மஞ்சளும். இரண்டும் சேர்ந்தால் சிவப்பு. அதனால்தான் அந்தக் காலத்து ஆல்பங்கள் எல்லாம் ஒரே மாதிரி சிவந்திருக்கின்றன. 1980களில் தாள் தயாரிப்பாளர்கள் சயான் சாயத்தை மேம்படுத்தினார்கள். இன்றைய லேப் தாள் அதைவிடப் பல மடங்கு உறுதியானது.

வீட்டில் நடப்பது வேறு கதை

வீட்டு அச்சு இயந்திரத்தில் கழுவுதல் கிடையாது. தாள் ஒளிக்கு மாறுவதும் இல்லை. நிறத்தை வெளியிலிருந்து சொட்டு சொட்டாகத் தெளிக்கிறோம்.

இந்த முறைகளில் ஒன்று தற்செயலாகப் பிறந்தது. 1977இல் ஜப்பானின் கேனன் நிறுவனத்தில் இச்சிரோ எண்டோ என்ற ஆய்வாளர் வேலை செய்துகொண்டிருந்தார். சூடான பற்றவைப்புக் கோல் ஒன்று, மை நிரப்பிய ஊசியின் மேல் பட்டுவிட்டது. உடனே ஊசி முனையிலிருந்து மை பீறிட்டது. வெப்பத்தால் மையில் ஆவிக்குமிழ் உண்டாகி, அது முன்னால் இருந்த மையைத் தள்ளியிருக்கிறது. கேனன் இயந்திரங்கள் இந்த முறையில் வளர்ந்தன. எப்சன் வேறு வழியில் சென்றது. மின்சாரம் பாய்ந்தால் வளையும் படிகத்தைக் கொண்டு மையை அழுத்தி வெளியேற்றுகிறது.

துளி எவ்வளவு சிறியது தெரியுமா? சில பிக்கோலிட்டர்தான். ஒரு பிக்கோலிட்டர் என்பது ஒரு லிட்டரை லட்சம் கோடி பங்காகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. கணிதப் பாடத்தில் கற்ற கோளத்தின் கன அளவுச் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். ஒரு பிக்கோலிட்டர் துளியின் விட்டம் சுமார் 12 மைக்ரான் வரும். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 50 முதல் 100 மைக்ரான்.

இவ்வளவு சிறிய துளிக்குத் துளையும் மிகச் சிறியதாகத்தான் இருக்க வேண்டும். மையில் பெரும்பகுதி நீர். இயந்திரத்தைப் பல வாரம் தொடாமல் வைத்தால் துளை வாயில் நீர் உலர்ந்து அடைத்துக்கொள்ளும். பிறகு படத்தின் குறுக்கே வெள்ளைக் கோடுகள் விழும். அடைப்பை எடுக்க இயந்திரம் தன்னைத்தானே சுத்தம் செய்யும்போதும் மை செலவாகிறது.

மையிலும் இரண்டு வகை உண்டு. சாய மையில் நிறப்பொருள் நீரில் சர்க்கரை போல் கரைந்திருக்கும். நிறமி மையில் அது கரையாமல் மிக நுண்ணிய துகளாக மிதக்கும். சாய மை பளிச்சென்ற நிறம் தரும். ஆனால் அதன் மூலக்கூறுகள் தனித்தனியாக நிற்பதால் எளிதில் தாக்கப்படும். நிறமித் துகளில் எண்ணற்ற மூலக்கூறுகள் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். வெளியே உள்ளவை அழிந்தாலும் உள்ளே உள்ளவை நிறத்தைக் காக்கும்.

ஆரஞ்சு நிறமான படங்கள்

2000ஆம் ஆண்டில் எப்சன் நிறுவனம் ஸ்டைலஸ் போட்டோ 870, 1270 என்ற இயந்திரங்களை வெளியிட்டது. சாய மை, புதுவகைப் பளபளப்புத் தாள், லேப் படத்துக்கு இணையான தோற்றம். படம் பல ஆண்டுகள் ஒளியைத் தாங்கும் என்றும் விளம்பரம் செய்யப்பட்டது. புகைப்படக்காரர்கள் பலர் மகிழ்ச்சியோடு வாங்கினார்கள்.

சில வாரங்களில் புகார்கள் வந்தன. சிலருடைய படங்கள் ஆரஞ்சு நிறமாகிவிட்டன. சிலருக்குச் சில நாட்களிலேயே அப்படி ஆனது. விந்தை என்னவென்றால், அதே இயந்திரமும் அதே தாளும் வைத்திருந்த வேறு சிலருக்கு ஒன்றுமே ஆகவில்லை.

குற்றவாளி ஒளி அல்ல, காற்றில் உள்ள ஓசோன். அந்தத் தாளின் மேற்பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய இருந்தன. அந்தத் துளைகள் மையை உடனே உறிஞ்சுவதால்தான் தாள் வெளியே வரும்போதே காய்ந்திருக்கும். ஆனால் அதே துளைகள் வழியாகக் காற்றும் உள்ளே போகும். ஓசோன் மூலக்கூறு சயான் சாயத்தின் இரட்டைப் பிணைப்புகளை உடைத்தது. சயான் குறைந்தால் என்ன நிறம் மிஞ்சும் என்று இப்போது உங்களுக்கே தெரியும். ஒளி எவ்வளவு நாள் தாங்கும் என்று சோதித்தவர்கள், காற்று என்ன செய்யும் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. ஓசோன் அதிகம் உள்ள ஊரில், மின்விசிறிக்கு எதிரே மாட்டிய படம் விரைவில் கெட்டது. கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்த படம் தப்பித்தது.

அதன் பிறகு மையும் தாளும் நிறைய முன்னேறிவிட்டன. ஆனால் துளைத்தாளில் சாய மை என்ற சேர்க்கை இன்றும் பல வீடுகளில் உள்ளது. விலை குறைந்த, பெயர் தெரியாத மாற்று மைகளை ஊற்றினால் அவை எவ்வளவு நாள் தாங்கும் என்று யாரும் சோதித்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நம் ஊர்க் காற்று

இது அமெரிக்காவின் பிரச்சினை என்று ஒதுக்கிவிடாதீர்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் வாகனப் புகையும் தொழிற்சாலைப் புகையும் உண்டு, ஆண்டு முழுதும் வெயிலும் உண்டு. புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகள் வெயிலில் வினைபுரிந்து தரைமட்டத்தில் ஓசோனை உண்டாக்குகின்றன. புகைமூட்டக் காலத்தில் கைப்பேசியில் பார்க்கிறோமே ஐபியூ என்ற காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு, அதைக் கணக்கிட அளக்கப்படும் வாயுக்களில் ஓசோனும் ஒன்று.

லேப் தாளில் சாயம் ஜெலட்டினுக்குள் புதைந்து கிடப்பதால் ஓசோன் எளிதில் நெருங்க முடியாது. ஆனால் அதற்கும் நம் ஊரில் ஓர் எதிரி உண்டு, ஈரம். கோலாலம்பூரில் காற்றின் சராசரி ஈரப்பதம் சுமார் 80 விழுக்காடு. ஜெலட்டின் புரதம் என்பதால் பூஞ்சைக்கு அது நல்ல உணவு. சட்டத்தின் கண்ணாடியில் நேராக ஒட்டி வைத்தால், ஈரத்தில் இளகிய ஜெலட்டின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். எனவே படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஓர் அட்டைச் சட்டம் வைத்து இடைவெளி விட வேண்டும்.

முகத்தின் நிறம் யார் கையில்?

கணினித் திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியை உமிழ்கிறது. தாள் ஒளியை உமிழாது, தன் மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது. அதனால்தான் திரையில் பளீரென்று தெரிந்த படம் தாளில் மங்கலாக வருகிறது. வீட்டில் அச்சிடும்போது திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, தாளுக்குரிய அமைப்பைத் தேர்ந்தெடுத்து, சிறிய துண்டில் சோதித்த பிறகே முழுத்தாளில் போட வேண்டும். பொறுமை உள்ளவருக்கு இது நல்ல வாய்ப்பு. நிறம் முழுவதும் அவர் கையில் இருக்கிறது.

லேப்பில் இயந்திரமே வெளிச்சத்தையும் நிறத்தையும் திருத்துவது உண்டு. இருண்ட கோயில் மண்டபத்தில் எடுத்த படத்தைப் பார்த்து, “மொத்தமும் இருட்டு” என்று முடிவுகட்டி முகங்களை வெளுப்பாக்கிவிடலாம். ஒரு காலத்தில் இந்தத் தவறு முறையிலேயே இருந்தது. கோடாக் நிறுவனம் லேப்புகள் நிறத்தைச் சரிபார்க்க ‘ஷர்லி அட்டை’ என்ற மாதிரிப் படத்தைக் கொடுத்து வந்தது. அதில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். அவர் முகம் சரியாக வந்தால் இயந்திரம் சரி என்று பொருள். கறுத்த முகங்கள் சரியாக வந்தனவா என்று பார்க்க அட்டையில் வழியே இல்லை. வெவ்வேறு தோல் நிறமுள்ள பெண்கள் சேர்ந்து இருக்கும் அட்டை 1990களில்தான் வந்தது. நம் தோல் நிறம் நம் படத்தில் சரியாக வர வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. கடையில் கொடுக்கும்போது, “தானியங்கித் திருத்தம் வேண்டாம்” என்று சொல்லி முதலில் இரண்டு மூன்று படங்களை மட்டும் போட்டுப் பாருங்கள்.

இன்னொரு குறிப்பு. உருத்துலக்கித் திரவம் ஒவ்வொரு படத்துக்கும் கொஞ்சம் வலு இழக்கிறது. அதை இயந்திரம் புதிய திரவத்தால் ஈடுசெய்கிறது. வேலை இல்லாமல் கிடந்தாலும் திரவம் காற்றுப் பட்டுக் கெடும். எனவே தினமும் நிறையப் படம் போடும் கடையில் நிறம் ஒரே சீராக வர வாய்ப்பு அதிகம்.

செலவுக் கணக்கு

“வீட்டில் போட்டால் மலிவு” என்பது எப்போதும் உண்மை அல்ல. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போடுவோம். ஒரு படத்துக்குத் தாள் 1 ரிங்கிட், மை 80 சென் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1 ரிங்கிட் 80 சென். அத்தைக்கு 9 படம் வேண்டும். நிறம் சரியில்லை, கோடு விழுந்தது என்று 3 படங்கள் வீணாகி, 12 போட்டுத்தான் 9 நல்ல படம் கிடைத்தது. 12 படத்தின் செலவு 21 ரிங்கிட் 60 சென். அதை 9ஆல் வகுத்தால் ஒரு நல்ல படத்தின் விலை 2 ரிங்கிட் 40 சென். இயந்திரத்தின் விலையையும் உங்கள் நேரத்தையும் இன்னும் சேர்க்கவில்லை. உங்கள் வீட்டு எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்து, கடை விலைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

எங்கே அச்சிட்டாலும் படத்தில் போதிய புள்ளிகள் இருக்க வேண்டும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது நல்ல அளவு. 4ஆர் படம் 4க்கு 6 அங்குலம். அதாவது 1200ஐ 1800ஆல் பெருக்கினால் சுமார் 22 லட்சம் புள்ளிகள். 8ஆர் படம் 8க்கு 10 அங்குலம், 72 லட்சம் புள்ளிகள் வேண்டும். புலனத்தில் வந்த படத்தைப் பெரிதாக அச்சிட்டால் மங்கலாவது இதனால்தான். அனுப்பும்போதே அது சுருக்கப்பட்டுவிடுகிறது.

எந்த வேலைக்கு எது?

பள்ளித் திட்டப்பணி, வீட்டுச் சுவர், நண்பருக்குப் பரிசு: இவற்றுக்கு வீட்டு அச்சு போதும். கெட்டால் மீண்டும் போட்டுக்கொள்ளலாம்.

காசு வாங்கிக் கொடுக்கும் இருநூறு படத் திருமண ஆல்பம்: லேப்பே நல்லது. இருநூறு படமும் ஒரே சீராக வரும், சாயம் ஜெலட்டினுக்குள் காக்கப்படும்.

பெரிய சட்டத்தில் மாட்ட ஒரே ஒரு சிறந்த படம்: நல்ல பருத்தித் தாளில் நிறமி மை அச்சு. கலைக்கூடங்களில் மாட்டும் வண்ணப் படங்கள் பலவும் இப்படி அச்சிடப்பட்டவைதான். ஆகவே மைத்தெளிப்பு அச்சு என்றாலே தரம் குறைவு என்று எண்ணக் கூடாது. எந்த மை, எந்தத் தாள் என்பதே கேள்வி.

‘லேப்’ என்று பெயர்ப்பலகை இருந்தாலும் உள்ளே திரவத் தொட்டி இருக்கும் என்று சொல்ல முடியாது. பல கடைகள் இன்று மைத்தெளிப்பு இயந்திரத்துக்கு மாறிவிட்டன. சில கடைகளில் வெப்பத்தால் சாயத்தை ஆவியாக்கித் தாளில் ஏற்றும் சிறிய இயந்திரம் இருக்கும். “அண்ணே, இது எந்த முறையில் போடுகிறீர்கள்?” என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் மகிழ்ச்சியோடு சொல்வார்.

செய்து பாருங்கள்

முகம், நீல வானம், சாம்பல் நிறச் சுவர் மூன்றும் உள்ள ஒரு படத்தைத் தேர்ந்தெடுங்கள். அதை வீட்டில் நான்கு பிரதியும் கடையில் நான்கு பிரதியும் அச்சிடுங்கள். பின்புறம் தேதி எழுதுங்கள்.

முதல் பிரதியைக் காற்றுப் புகாத பையில் போட்டு அலமாரியில் வையுங்கள். இது ஒப்பிடுவதற்கான பிரதி. இரண்டாவதை வெயில் நேராக விழாத சுவரில், மின்விசிறிக் காற்று படும்படி ஒட்டுங்கள். மூன்றாவதை அதே சுவரில், இரண்டாவதன் பக்கத்திலேயே கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டுங்கள். நான்காவதை வெயில் விழும் சன்னலில் வையுங்கள். வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் முதல் பிரதியோடு ஒப்பிட்டுக் குறித்து வாருங்கள்.

இரண்டாவதும் மூன்றாவதும் ஏறத்தாழ ஒரே ஒளியில்தான் இருக்கின்றன. முக்கிய வேறுபாடு காற்று. ஆகவே இரண்டாவது மட்டும் சிவந்து, மூன்றாவது நன்றாக இருந்தால், பெரும்பாலும் கெடுத்தது காற்று. நான்காவது மட்டும் வெளுத்தால், ஒளியும் வெயிலின் வெப்பமும். அறிவியல் பாடத்தில் மாறிகளைக் கட்டுப்படுத்துவது என்று படிக்கிறீர்களே, அது இதுதான்.

மூன்று மாதம் பொறுங்கள். அத்தையிடம் விலை சொல்வதற்கு முன் அந்த எட்டுப் படங்களையும் மேசையில் பரப்பிப் பாருங்கள். உங்கள் வீட்டு மையும் தாளும் உங்கள் ஊர்க் காற்றில் எப்படி நிற்கின்றன என்பதை எந்த விளம்பரத்தையும் விட அவை சரியாகச் சொல்லும்.